தாராவி யாருக்குச் சொந்தம்?

மகாராஷ்டிர ராஜ்யத்தின் தலைநகராகிய மும்பையில், மித்தி நதிக்குத் தெற்கே, மேற்கு ரயில்பாதைக்கும் மத்திய ரயில்பாதைக்கும் நடுவில் அடங்கிக் கிடக்கிறது தாராவி. அதை இடித்துப் புதிதாகக் கட்டும் வேலையை 2023ஆம் ஆண்டில் அந்த ராஜ்ய சர்க்கார் அதானி கம்பெனியாரிடம் ஒப்படைத்தது. 2024 மார்ச்சில் வீடுவீடாகக் கணக்கெடுப்பு ஆரம்பமாயிற்று. 2025 மே மாதத்தில் முழுத் திட்டத்துக்கும் சர்க்கார் அங்கீகாரம் கிடைத்துவிட்டது. திட்டத்தின் எல்லைக்குள் வருவது சுமார் 600 ஏக்கர். அங்கே வசிப்போரின் தொகை ஆறு லட்சம் என்பாரும் பத்து லட்சம் என்பாரும் உண்டு. இத்தனை ஜனங்களின் இருப்பிடத்தையும் ஜீவனத்தையும் பற்றிய ஒரு விஷயத்தை, வடக்கே எங்கோ நடக்கும் கட்டட வேலை என்று தமிழர்கள் தள்ளிவிடலாகாது. தாராவியை உண்டாக்கியவர்களில் திருநெல்வேலி ஜில்லாவிலிருந்து பிழைக்கப் போன நம்மவர்கள் முதல் வரிசையில் நிற்பவர்கள்.

நமது நாட்டில் பலர் தாராவியைச் சினிமாவின் மூலமே அறிவார்கள். 1987இல் வந்த நாயகனும் 2018இல் வந்த காலாவும் அந்த ஊரின் சந்துகளைத் தமிழ்நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் கொண்டுவந்து காட்டின. ஆனால் சினிமாவில் காணும் ஊர் வேறு. நாள்தோறும் விடியற்காலையில் எழுந்து மும்பைக்கு இட்லி அவித்துக் கொடுக்கும் ஊர் வேறு. அந்த உண்மையான ஊரின் பூர்வோத்தரத்தைத் தெரிந்துகொண்டால்தான் இன்றைய விவகாரத்தின் நியாய அநியாயங்கள் நமக்கு விளங்கும்.

மும்பை ஆதியில் ஏழு தீவுகளாக இருந்தது. தாராவி அதன் வடகோடியில், உப்பங்கழியின் கரையில், கோலி மீனவர்கள் வலைவீசிப் பிழைத்த ஒரு குப்பம். கழியின் மறுகரையில் இருந்தவை சால்செட் தீவும் மகாராஷ்டிரர்களின் ஆதிக்கமும். ஆகவே ஆங்கிலேயர் அங்கே ஒரு காவற்கோட்டை கட்டினார்கள். 1737ஆம் ஆண்டைக் குறிக்கும் கல்வெட்டுடன் அந்தக் கறுப்புக் கோட்டை வீடுகளுக்கு நடுவே சிதைந்து நிற்கிறது. 1909இல் வெளியான பம்பாய் கெஜட்டியரும் தாராவியைப் பெரிய கோலிவாடைகள் ஆறில் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. நாளடைவில் கழி தூர்ந்தது. மீன் குறைந்தது. சதுப்பும் அலையாத்திக் காடுமாக இருந்த அந்தப் பூமியை யாரும் விரும்பாதபடியால்தான், வேறெங்கும் இடம் கிடைக்காதவர்களுக்கு அங்கே இடம் கிடைத்தது.

நகரம் எந்தெந்தத் தொழிலை நாற்றமென்றும் புகையென்றும் வெறுத்ததோ அந்தத் தொழில்களெல்லாம் ஒவ்வொன்றாகத் தாராவிக்குத் தள்ளப்பட்டன. பாந்திராவில் ஆட்டுத்தொட்டி இருந்ததால் பக்கத்திலே தோல் பதனிடும் சாலைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றின. அந்த வேலைக்குத்தான் திருநெல்வேலிப் பக்கத்து ஆதிதிராவிடர்களும் முஸ்லிம்களும் வந்து சேர்ந்தார்கள். ஊரில் சாதிக் கொடுமையாலும் பஞ்சத்தாலும் நொந்தவர்களுக்கு, நாற்றமடிக்கும் அந்தச் சாலைகளிலே கூலி என்ற ஒன்று ரொக்கமாகக் கிடைத்தது. சௌராஷ்டிரத்திலிருந்து வந்த குயவர்கள், தெற்குப் பம்பாயில் இருந்த இடத்திலிருந்து ஒருமுறைக்கு மேல் துரத்தப்பட்டு, 1930களில் தாராவியில் சூளை மூட்டினார்கள். கும்பார்வாடை என்று பெயர்பெற்ற அவர்கள் தெருவில் இன்றும் சக்கரம் சுழல்கிறது. பின்னர் ஐக்கிய மாகாணத்திலிருந்து தையற்காரர்களும், தேசத்தின் நாலா பக்கத்திலிருந்தும் கூலி வேலைக்காரர்களும் வந்து குடியேறினார்கள்.

வந்தவர்கள் ஒருவரும் கட்டிய வீட்டில் குடிபுகவில்லை என்பதை வாசகர்கள் கவனிக்கவேண்டும். குப்பையும் மண்ணும் கொட்டி, முழங்கால் அளவுச் சேற்றைத் தரையாக்கினார்கள். அதன்மேல் தகரமும் பலகையும் வைத்தார்கள். பின்பு செங்கல் வைத்தார்கள். பிள்ளைகள் பெருகியபோது மேலே ஒரு மச்சு கட்டினார்கள். கோயிலும் மசூதியும் மாதா கோயிலும் எழுப்பினார்கள். தமிழர்கள் காமராஜர் பெயரால் பள்ளிக்கூடமும் நடத்துகிறார்கள். பொங்கல் நாளன்று தொண்ணூறு அடி ரோட்டில் பானைகள் வரிசையாகப் பொங்கும் காட்சியைப் பார்த்தவர்கள், தாங்கள் நிற்பது நெல்லைச் சீமையோ என்று மயங்குவார்கள்.

சர்க்காரின் நடவடிக்கை என்ன? வெகுகாலம் வரையில் தாராவி என்று ஓர் ஊர் இருப்பதாகவே அதிகாரிகள் ஒப்புக்கொள்ளவில்லை. 1971ஆம் ஆண்டில் குடிசைப் பகுதிச் சட்டம் பிறந்தது. 1976இல் கணக்கெடுத்து, குடியிருப்போருக்குப் புகைப்படத்துடன் அத்தாட்சிச் சீட்டு வழங்கினார்கள். 1985இல் காங்கிரஸ் நூற்றாண்டு விழாவுக்குப் பம்பாய் வந்த பிரதமர் ராஜீவ் காந்தி, அந்நகரின் சீர்திருத்தத்துக்கென 100 கோடி ரூபாய் அளித்தார். அதில் ஒரு பகுதி தாராவிக்குச் செலவாயிற்று. 2004இல் ஊர் முழுவதையும் புதுப்பிக்கும் திட்டம் ஒன்றுக்குச் சர்க்கார் சம்மதம் தந்தது, வேலை நடக்கவில்லை. அதற்கப்புறம் அழைக்கப்பட்ட டெண்டர்களில், துபாயைச் சேர்ந்த செக்லிங்க் கம்பெனியார் 7,200 கோடி கேட்ட டெண்டர் 2020இல் ரத்தாயிற்று. 2022 நவம்பரில் மறுபடி நடந்த டெண்டரில் 5,069 கோடி ரூபாய் குறிப்பிட்ட அதானி கம்பெனியார் முதலிடம் பெற்றார்கள். ரத்தானதை எதிர்த்துச் செக்லிங்க் தொடுத்த வழக்கைப் பம்பாய் ஹைகோர்ட் 2024 டிசம்பரில் தள்ளியது; 2025 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டும் வேலையை நிறுத்திவைக்க மறுத்தது. திட்டத்தை நடத்தும் கூட்டுக் கம்பெனியில் அதானி கோஷ்டிக்கு 80 பங்கும் சர்க்காருக்கு 20 பங்கும் இருக்கின்றன.

திடீரென்று இத்தனை பரிவு ஏன்? விடை பூகோளத்தில் இருக்கிறது. ஊரின் கோடியில் கிடந்த தாராவி, நகரம் வடக்கே வளர வளர அதன் மத்தியாகிவிட்டது. மித்தி நதிக்கு அக்கரையில், பாந்திரா-குர்லாப் பகுதியில், பாங்குகளும் பெரிய கம்பெனிகளும் கண்ணாடி மாளிகைகள் எழுப்பியிருக்கின்றன. சுற்றிலும் மாஹிம், சயான், மாதுங்கா ரயில் நிலையங்கள். சேறாக இருந்தவரை யாரும் சீந்தாத மண், இன்று தேசத்திலேயே விலையுயர்ந்த மண்களில் ஒன்று. அந்த விலையை உண்டாக்கியது யார் என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல், அதன் லாபம் யாருக்கு என்ற கேள்வியைத் தீர்மானிக்க முடியாது என்பதே நமது அபிப்பிராயம்.

தாராவி இப்படியே இருக்கட்டும் என்று நாம் சொல்லவில்லை. பத்துக்குப் பத்தடி அறையில் ஒரு குடும்பம் வாழ்வதும், பொதுக் கக்கூசுக்கு வரிசையில் நிற்பதும், மழைக்காலத்தில் சாக்கடை வீட்டுக்குள் புகுவதும் மகிமைப்படுத்தத்தக்க விஷயங்கள் அல்ல. ஏழ்மையை வேடிக்கை பார்க்க வருகிற சுற்றுலாக்காரருக்கு அது சுவாரஸ்யமாக இருக்கலாம். அங்கே பிள்ளை வளர்க்கும் தாய்க்கு அப்படி இராது. சொந்தக் கக்கூசும் குழாய்த் தண்ணீரும் உள்ள வீடு வேண்டுமென்றே அந்த ஜனங்களும் கேட்கிறார்கள். சர்க்கார் வீடு கட்ட முன்வந்ததை நாம் ஆக்ஷேபிக்கவில்லை. யாருக்கு வீடு, எங்கே வீடு, வீட்டுடன் தொழிலுக்கு இடம் உண்டா என்ற மூன்று விஷயங்களிலேதான் நமக்கு ஆக்ஷேபம்.

முதலாவது, யாருக்கு? 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதிக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்போருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசமாகக் கிடைக்கும் என்கிறார்கள். அதற்குப் பின் 2011 ஜனவரி வரையில் வந்தவர்களுக்குத் தாராவிக்கு வெளியே 300 சதுர அடி வீடு, இரண்டரை லட்சம் ரூபாய் விலைக்கு. அதற்கும் பின் வந்தவர்களுக்கும், மச்சில் குடியிருப்பவர்களுக்கும் வெளியூரில் வாடகை வீடு. வாடகை கட்டிக்கொண்டே போனால் பிற்பாடு சொந்தமாகுமாம். தரையில் படுத்தவன் ஊர்க்காரன், ஏணி ஏறிப் படுத்தவன் அந்நியன் என்று சொல்லும் இந்தத் தர்மத்தை நாம் வேறெங்கும் கேள்விப்பட்டதில்லை. அண்ணன் கீழேயும் தம்பி மேலேயும் இருந்தால், அண்ணன் தாராவியில், தம்பி எங்கோ! இருபத்தைந்து வருஷத்துக்கு முந்திய காகிதத்தைக் காட்டு என்றால், வெள்ளத்திலும் தீயிலும் 1992-93 கலகத்திலும் அடிபட்ட ஏழை எதைக் காட்டுவான்?

இரண்டாவது, எங்கே? 2024இல் மகாராஷ்டிர சர்க்கார் இத்திட்டத்துக்கென்று கொடுக்க முடிவுசெய்த நிலங்களைப் பார்த்தால் மனம் கசக்கிறது. காஞ்சூர்மார்க், பாண்டுப், முலுண்டு பகுதிகளில் சுமார் 256 ஏக்கர் உப்பளம். தேவனார் குப்பைமேட்டில் 124 ஏக்கர். குர்லாவில் பால்பண்ணை நிலம் 21 ஏக்கர். தேவனாரில் மும்பையின் குப்பை 1927 முதல் குவிந்துவருகிறது. 2016 ஜனவரியில் அந்த மேடு பற்றியெரிந்தபோது நகரமே புகையில் மூழ்கிற்று. உப்பளமோ, கடல்நீரும் மழைநீரும் வந்து தங்கும் தாழ்ந்த பூமி. சேற்றையும் குப்பையையும் நிலமாக்கிய ஜனங்களை, அந்த நிலத்துக்கு விலை வந்ததும், மறுபடியும் சேற்றுக்கும் குப்பைக்கும் அனுப்புவது என்ன நீதி?

மூன்றாவது, தொழில். தாராவியில் வீடும் பட்டறையும் ஒன்றே. கீழே தோல் பை தைப்பார்கள். மேலே குடும்பம் தூங்கும். பதனிடும் சாலைகளில் பெரும்பாலானவை தேவனாருக்குப் போய்விட்டபோதிலும், தோலில் பையும் பெல்ட்டும் செய்யும் தொழில் தங்கிவிட்டது. பதின்மூன்றாம் காம்பவுண்டில் நகரத்தின் பிளாஸ்டிக் கழிவைப் பிரித்து, உருக்கி, மீண்டும் சரக்காக்குகிறார்கள். பெண்கள் அப்பளம் இடுகிறார்கள். இந்தத் தொழில்களின் வருமானம் வருஷத்துக்கு நூறு கோடி டாலர் அளவுக்கு இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். குயவனுக்குச் சூளையும் முற்றமும் வேண்டும். அப்பளக்காரிக்கு வெயில் விழும் தெரு வேண்டும். பதினைந்தாம் மாடியில் இவற்றை எங்கே வைப்பது? நாளைக்கு வீடு இருந்து வேலை இல்லையென்றால், அந்த வீட்டை விற்றுவிட்டு ஜனங்கள் வேறொரு சேரியைத் தேடிப் போவார்கள். ஒரு தாராவி போய் நாலு தாராவி பிறக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் மேலான குறை ஒன்று உண்டு. மும்பையில் மற்றச் சேரிகளைத் தனியார் திருத்தியமைக்க வேண்டுமானால், குடியிருப்போரில் பாதிக்கு மேற்பட்டவர்களின் சம்மதம் அவசியம். தாராவிக்கு அந்த நிபந்தனை இல்லை. இத்தனை லட்சம் பேரை இடம் மாற்றும் காரியத்துக்கு அவர்களுடைய சம்மதம் வேண்டாமென்றால், ஓட்டுப் போடும் உரிமை மட்டும் எதற்காகக் கொடுத்தோம்? நிலம் முனிசிபாலிடிக்கும் ரயில்வேக்கும் சர்க்காருக்கும் சொந்தம் என்று பத்திரம் காட்டுவார்கள். பத்திரத்தில் இருப்பது சதுப்பு. இன்று அங்கே இருப்பது ஊர். சதுப்புக்கும் ஊருக்கும் உள்ள வித்தியாசம் முழுவதும் ஏழைகளின் உழைப்பு.

மும்பை சர்க்காரைக் கண்டிக்கும்போது நமது முற்றத்தையும் பார்த்துக்கொள்வது நல்லது. சென்னையில் 1970ஆம் ஆண்டு குடிசை மாற்று வாரியம் ஏற்பட்டது. குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுப்பது அதன் ஆரம்பகால வழக்கம். பிற்காலத்தில், கூவம் கரையிலும் அடையாற்றங்கரையிலும் இருந்தவர்களை நகரின் தென்கோடியில் கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் கொண்டுபோய் விட்டார்கள். வீட்டு வேலைக்கும் கூலி வேலைக்கும் போய்வந்த பெண்கள் பஸ் சார்ஜுக்கே கூலியைக் கொடுக்க நேர்ந்தது. பிள்ளைகளின் படிப்பு நடுவில் நின்றது. 2021இல் வாரியத்தின் பெயரை மாற்றினார்கள். ஆற்றங்கரையிலிருந்து அப்புறப்படுத்தும் வழக்கம் பெயருடன் மாறிவிடவில்லை. ஏழையை ஊருக்கு வெளியே வைப்பது நமக்குப் பழகிய பழைய பாவம். அதற்கு இப்போது அபிவிருத்தி என்று பெயர் சூட்டியிருக்கிறோம்.

செய்யவேண்டியது தெளிவாக இருக்கிறது. கணக்கெடுப்பின் முடிவைத் தெருவாரியாக, மராத்தி, தமிழ், ஹிந்தி, குஜராத்தி முதலிய பாஷைகளில், யாவரும் பார்க்கும்படி வெளியிடவேண்டும். மச்சு என்றும் தரை என்றும் பேதம் பாராட்டாமல், குடியிருக்கும் குடும்பம் ஒவ்வொன்றையும் கணக்கில் சேர்க்கவேண்டும். தாராவியிலே இடம் இருக்கும்வரை ஒருவரையும் வெளியே அனுப்பலாகாது. விற்பனைக்குக் கட்டும் மாளிகைகளைச் சுருக்கினால் இடம் தானாகவே கிடைக்கும். பட்டறைகளுக்குத் தரைத்தளமும், குயவர்களுக்கு அவர்கள் தெருவும் உறுதிசெய்யப்படவேண்டும். எல்லாவற்றுக்கும் முன்பாக, ஜனங்களின் சம்மதத்தைக் கேட்கவேண்டும்.

2020இல் பெருந்தொற்று வந்தபோது, தாராவி சுடுகாடாகும் என்று உலகமே அஞ்சிற்று. ஏப்ரல் முதல் தேதி அங்கே முதல் நோயாளி கண்டுபிடிக்கப்பட்டார். ஜூலை மாதத்தில் உலக சுகாதார ஸ்தாபனத்தின் தலைவரே தாராவியை உதாரணம் காட்டிப் பாராட்டினார். முனிசிபல் ஊழியர்களும் உள்ளூர் வைத்தியர்களும் அந்தச் சந்துகளின் ஜனங்களும் ஒத்துழைத்ததால் வந்த பலன் அது. அந்தச் சங்கடத்தில் ஜனங்களை நம்பிய சர்க்கார், அவர்களுடைய சொந்த வீட்டைப் பற்றிய காரியத்தில் நம்ப மறுப்பானேன்? தாராவித் தமிழர்கள் தங்கள் மராத்தி, குஜராத்தி, முஸ்லிம் சகோதரர்களுடன் சேர்ந்து நின்று தங்கள் நியாயத்தைக் கேட்கவேண்டும். தமிழ்நாட்டின் பிரதிநிதிகள் பார்லிமெண்டில் அதை எடுத்துச் சொல்லவேண்டும். அப்படிச் சொல்பவர்கள், பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டவர்களுக்கும் அதே நியாயத்தை வழங்கத் தயாராக இருக்கவேண்டும் என்பதையும் நாம் வற்புறுத்திக் கூறுகிறோம்.