விளக்கை அணைத்தோம், மின்சாரத்தை அணைத்தோமா?



சென்ற வாரம் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு அறிவியல் பாடத்தில் ஒரு நடவடிக்கை அளித்தேன். நான்கு உலர் மின்கலங்கள், ஒரு சிறு மின்குமிழ், ஹார்ட்வேர் கடையில் வாங்கிய இருவழி மின்விசைகள் இரண்டு, கொஞ்சம் கம்பி. இவ்வளவுதான் பொருள்கள். மாடிப்படி விளக்கைக் கீழிருந்து ஏற்றி மேலே சென்று அணைப்பது எப்படி என்று அவர்களாகவே கண்டறிய வேண்டும். ஒரு மணி நேரம் வகுப்பில் இரைச்சல்; பிறகு ஒரு குழுவின் விளக்கு எரிந்தது; கைத்தட்டல் எழுந்தது.

மறுநாள் காலையில் ஒரு தந்தை என்னைக் காண வந்தார். "சார், என் மவன் ஒயர்மேன் ஆவறதுக்கா இங்க அனுப்பினேன்? பயிற்சித்தாள் கொடுங்க சார், அதச் செய்யட்டும்" என்றார். கோபத்தோடு அன்று, கவலையோடுதான் கேட்டார். அருகில் நின்ற சக ஆசிரியர் ஒருவரும் "அதானே" என்று தலையசைத்தார். தந்தையின் கேள்வி எனக்கு வருத்தம் தரவில்லை. அந்தத் தலையசைப்புதான் என்னை எழுத வைத்தது.

முதலில் என் அறியாமையை ஒப்புக்கொள்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் வாடகை வீடு ஒன்றில் குடியிருந்தேன். குளியலறை மின்குமிழ் எரியவில்லை. மின்விசையை அணைத்தேன், முக்காலியில் ஏறினேன், குமிழைக் கழற்றினேன். ஹோல்டரின் உலோகப் பகுதியில் விரல் பட்டது. அடுத்த கணம் தரையில் கிடந்தேன். அணைத்த விளக்கில் மின்சாரம் எங்கிருந்து வந்தது?

வந்து பார்த்த ஒயர்மேன் டெஸ்ட் பென்னை வைத்துச் சோதித்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, கறுப்ப வெட்டி விட்டிருக்கானுங்க. சிவப்பதான் வெட்டணும். சுவிஸ் ஆப் பண்ணாலும் ஹோல்டர்ல கரண்டு நிக்கும்." பிறகு கருவிகளை எடுத்து வைத்தபடியே, "நீங்க என்னா வேலை பாக்குறீங்க?" என்று கேட்டார். அறிவியல் ஆசிரியர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

நம் வீடுகளின் சுவருக்குள் ஓடும் பழைய முறைக் கம்பிகளில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். மின்விசை சிவப்புக் கம்பியின் வழியில் இருந்தால், அதனை அணைத்ததும் ஹோல்டருக்கு வரும் மின்சாரம் நின்றுவிடும். கறுப்புக் கம்பியின் வழியில் இருந்தாலும் விளக்கு அணையும், மின்சுற்று அறுபடுகிறதல்லவா? ஆனால் ஹோல்டர் வரைக்கும் 230 வோல்ட் வந்து காத்திருக்கும். தொடுபவரின் உடலே நிலத்திற்குச் செல்லும் வழியாகிவிடும். எல்இடி குமிழ் அணைத்த பின்னும் மங்கலாக மினுங்குவதற்கு இப்பிழையும் ஒரு காரணம்.

இப்பொழுது நாம் கரும்பலகையில் வரையும் படத்தை எண்ணிப் பாருங்கள். ஒரு மின்கலம், ஒரு குமிழ், ஒரு மின்விசை. மின்விசையைக் குமிழுக்கு முன்னால் வரைந்தாலும் பின்னால் வரைந்தாலும் விடை சரி. 1.5 வோல்ட் மின்கலத்தில் அது சரிதான். வீட்டில் அது சரியன்று. நான் பல ஆண்டுகள் அப்படத்தை வரைந்தேன். 'மின்சுற்று முழுமையடைந்தால் விளக்கு எரியும்' என்று எழுதவைத்து முழு மதிப்பெண்ணும் வழங்கினேன். அந்த முழு மதிப்பெண் அன்று என்னைக் காப்பாற்றவில்லை.

"தேர்வுக்கு இதெல்லாம் எதற்கு?" என்று கேட்பவர்கள் உள்ளனர். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டது. தேர்வு போயிற்று, தேர்வு மனப்பான்மை மட்டும் போகவில்லை. சரி, அம்மனப்பான்மையோடே பார்ப்போம். மாறிகளை மாணவர்களுக்குப் புரியவைக்க நாம் எவ்வளவு பாடுபடுகிறோம்! எரியாத ஒரு விளக்கைவிடச் சிறந்த பாடம் எது? இந்த விளக்கு மட்டும் எரியவில்லையா, வீடு முழுதுமா? வீடு முழுதும் என்றால் மின்பெட்டியைப் பார். இது மட்டும் என்றால், நன்றாக எரியும் வேறொரு குமிழை இதில் மாட்டிப் பார். எரிந்தால் பழுது பழைய குமிழில். எரியாவிட்டால் ஹோல்டரிலோ, மின்விசையிலோ, கம்பியிலோ. ஒரு முறைக்கு ஒன்றை மட்டுமே மாற்று. மற்றவற்றை அப்படியே வை. இதைத்தானே அறிவியல் செயற்பாங்குத் திறன் என்று பாடத்திட்டம் அழைக்கிறது?

வாகனத்தையும் பாருங்கள். 12 வோல்ட் மின்கலத்திலிருந்து பின்விளக்கிற்கு மின்சாரம் செல்கிறது. திரும்பி வரும் கம்பி எங்கே? வண்டியின் இரும்பு உடலே அக்கம்பி. அதனால்தான் இணைப்பிடத்தில் துரு ஏறினால், பிரேக்கை மிதிக்கும்பொழுது சமிக்ஞை விளக்கும் சேர்ந்து மங்கலாக ஒளிரும் விந்தையைக் காண்கிறோம். பல வண்டிகளில் பின்விளக்கும் பிரேக் விளக்கும் ஒரே குமிழின் இரண்டு இழைகள். ஒன்று 5 வாட், மற்றொன்று 21 வாட். ஒரு பக்கச் சமிக்ஞை விளக்கு திடீரென்று வேகமாகச் சிமிட்டினால், அப்பக்கக் குமிழ் ஒன்று செயலிழந்துவிட்டது என்று வண்டியே நமக்குச் சொல்கிறது. நாமோ 'என்னமோ வேகமாக அடிக்கிறது' என்று நெடுஞ்சாலையில் ஏறிவிடுகிறோம்.

இனி, என்னிடம் கூறப்படும் மறுப்புகளுக்கு வருகிறேன்.

1. "ஆபத்தல்லவா?" ஆபத்துதான். அதனால்தான் கற்பிக்க வேண்டும் என்கிறேன். ஐந்தாம் ஆண்டு மாணவன் 230 வோல்ட்டைத் தொட வேண்டியதில்லை, தொடவும் கூடாது. உலர் மின்கலம் போதும். வண்டி மின்கலத்தைக்கூட வகுப்புக்குக் கொண்டு வராதீர்கள். அதன் இரு முனைகளும் இணைந்துவிட்டால் கம்பி பழுக்கக் காய்ந்துவிடும்.

2. "சட்டம் அனுமதிக்காதே?" உண்மை. வீட்டின் மின்கம்பி வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற ஒயர்மேன்தான் செய்ய வேண்டும் என்பது தீபகற்ப மலேசியாவின் விதி. நான் கேட்பது வேலையை அன்று, அறிவை. எங்கே நம் கை நிற்க வேண்டும், எங்கே அவரை அழைக்க வேண்டும் என்று தெரிவதும் கல்விதான். தரை ஈரமாகக்கூடிய இடத்திற்கு 10 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் கருவி வேண்டும் என்று 1994ஆம் ஆண்டின் மின்சார ஒழுங்குவிதிகள் கூறுகின்றன. உங்கள் வீட்டு மின்பெட்டியில் அக்கருவி உள்ளதா? எத்தனை பேர் திறந்து பார்த்திருக்கிறோம்?

3. "பெண்பிள்ளைகளுக்கு எதற்கு?" அன்று முதலில் விளக்கை எரிய வைத்த குழுவில் இருந்த நால்வரும் மாணவியர். இதற்குமேல் இம்மறுப்புக்கு விடை தேவையில்லை.

4. "ஒயர்மேன் ஆகவா?" ஆனால்தான் என்ன? நம் பெற்றோர் பலரும் கைத்தொழிலால்தான் நம்மைப் படிக்க வைத்தார்கள். அக்கைகளைப் பார்த்து வெட்கப்பட நாமே நம் பிள்ளைகளுக்குக் கற்றுத்தரலாமா? மூன்றாம் படிவத்திற்குப் பிறகு தொழிற்கல்லூரியில் மின்னியல் பயின்று முன்னேறும் வழி இந்நாட்டில் உண்டு. 'படிப்பு வராதவன் போகும் இடம்' என்று நாம் முத்திரை குத்திவிடுவதால், அதில் உண்மையான ஆர்வமுள்ள மாணவனும் தலைகுனிந்துகொண்டு போகிறான். அந்தத் தலைகுனிவுக்கு ஆசிரியர்களாகிய நமக்கும் பொறுப்புண்டு.

அந்தத் தந்தையிடம் அன்று நான் நீண்ட விளக்கம் ஏதும் சொல்லவில்லை. "உங்கள் மகனை வண்டிக்குப் பின்னால் நிறுத்தி, நீங்கள் பிரேக்கை மிதியுங்கள். எத்தனை விளக்கு எரிகிறது என்று அவன் சொல்லட்டும்" என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். ஓட்டுநர் தன் பின்விளக்கைத் தாமே காண இயலாது. பின்னால் நிற்பவர்தான் சொல்ல வேண்டும்.

பெற்றோர்களே, இன்றிரவு உங்கள் பிள்ளையோடு நீங்களும் அதைச் செய்து பாருங்கள். பிறகு மின்பெட்டியைத் திறந்து, எந்த விசை எந்த அறைக்குரியது என்று அவர்கள் கையாலேயே தமிழில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். குமிழ் மாற்றும் நாளில் அந்த விசையை அணைத்த பிறகே முக்காலியில் ஏறுங்கள்.

ஆசிரியர்களே, அடுத்த முறை மின்சுற்றை வரையும்பொழுது, "வீட்டில் மின்விசை எந்தக் கம்பியில் இருக்க வேண்டும்?" என்ற ஒரே ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேளுங்கள். பயிற்சித்தாளில் அக்கேள்வி இராது. எனக்கு அதன் விடை கீழே விழுந்த பிறகுதான் தெரிந்தது. நம் பிள்ளைகளுக்கு முன்பே தெரிந்திருக்கட்டும்.