ஆணி புடுங்கிய கதைகள் - 7: பேக்கப் இருந்துச்சு, உள்ள ஒண்ணும் இல்ல

இந்தப் பக்கம் வந்து ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. ஆணி அதிகம், மன்னிச்சுக்கோங்க. போன பகுதிக்கு வந்த பின்னூட்டத்துல ஒரு நண்பர், "இதுவரைக்கும் நீர் புடுங்கின ஆணியிலயே மோசமான ஆணி எது?"ன்னு கேட்டிருந்தார். யோசிக்கவே வேண்டியதில்ல. 2023 நவம்பர். கொசுவத்தியைச் சுத்துங்கப்பா.

டிஸ்கி: பொட்டி தட்டுற சமாச்சாரம் கொஞ்சம் வரும். பொட்டி தட்டாதவங்களும் கடைசி வரைக்கும் படிங்க, உங்களுக்கும் ஒரு விஷயம் இருக்கு.

ஜெர்மனியில நான் ஆராய்ச்சி பண்ற லேப்ல பன்னெண்டு சர்வர் இருக்கு. அதையெல்லாம் யார் பார்த்துக்கறதுன்னு மீட்டிங்ல பேச்சு வந்தப்ப நான் டீ போடப் போயிருந்தேன். திரும்பி வர்றதுக்குள்ள என் தலையில கட்டிட்டாங்க.

இந்தப் பன்னெண்டையும் ஒண்ணா சேர்த்து மேய்க்கிறது குபர்னெட்டிஸ். கிரேக்க மொழியில சுக்கான் பிடிக்கிறவர்னு அர்த்தம். ஒவ்வொரு புரோகிராமையும் ஒரு டப்பாக்குள்ள அடைச்சுக் குடுத்தா, எந்த டப்பா எந்த சர்வர்ல ஓடணும்னு அது பார்த்துக்கும். ஒரு சர்வர் படுத்துட்டா டப்பாவை வேற சர்வர்ல ஏத்தி ஓட விட்டுடும். ஆனா நாமளே கையால டேட்டாவை அழிச்சா? சுக்கான் பிடிக்கிறவர் என்ன பண்ணுவார் பாவம், சொன்னதைச் செய்வார். அதுக்குத்தான் பேக்கப்.

எங்க லேப்ல பேக்கப்புக்கு வெலேரோ. முதல்ல ஆர்க்னு பேர், 2019-ல வெலேரோ ஆச்சு. ஸ்பானிஷ்ல பாய்மரக் கப்பல். இது ராத்திரி ரெண்டு வேலை பண்ணும். ஒண்ணு, எந்த டப்பா, எத்தனை, எந்த டிஸ்க்கோட ஒட்டியிருக்குங்கற ஜாதகத்தை எழுதி வைக்கும். இன்னொண்ணு, அந்த டிஸ்க் உள்ள இருக்கற சரக்கை அள்ளும். எங்க செட்டப்ல ரெண்டாவது வேலையைச் செய்யறதுக்கு ஒவ்வொரு சர்வர்லயும் ஒரு எடுபிடி உட்கார்ந்திருக்கும். 1.9 வரைக்கும் அந்த எடுபிடிக்குப் பேர் ரெஸ்டிக். 1.10-ல இருந்து (ஒண்ணு புள்ளி பத்து, ஒண்ணு புள்ளி ஒண்ணு இல்ல) பேரை நோட்-ஏஜென்ட்னு மாத்திட்டாங்க. ரெஸ்டிக்கோட கோப்பியான்னு இன்னொரு கருவியையும் சேர்த்ததால பொதுவா ஒரு பேர்.

இந்தப் பேர் மாத்தத்துலதான் எனக்கு ஆப்பு.

நவம்பர் 3, வெள்ளிக்கிழமை சாயங்காலம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் எவனாவது அப்கிரேடு பண்ணுவானான்னு நீங்க கேக்கறது காதுல விழுது. பண்ணேன். புது வரையறைகளை ஏத்தினேன், பிளகின்னை மாத்தினேன், தலைமை டப்பாவோட இமேஜை 1.10-க்கு மாத்தினேன். ரன்னிங்னு காட்டுச்சு. எடுபிடிங்க பன்னெண்டும் ரன்னிங். ராத்திரி ஷெட்யூல் எனேபிள்டு. எல்லாம் பச்சை. லேப்டாப்பை மூடிட்டு பிரியாணி பண்ணப் போயிட்டேன்.

பழைய எடுபிடியைத் தூக்கிட்டு நோட்-ஏஜென்ட்ங்கற பேர்ல புதுசா வைக்கணும்னு அப்கிரேடு பக்கத்துல தெளிவா எழுதியிருந்தான். நான் பாதி படிச்சதுமே "அதான் தெரியுமே"ன்னு தாவிட்டேன். விளைவு என்னன்னா, புது மேஸ்திரி தினமும் ராத்திரி வந்து "நோட்-ஏஜென்ட் இருக்கியா?"ன்னு ஆஜர் எடுக்கிறார். ரெஸ்டிக்ங்கற பேர்ல உட்கார்ந்திருக்கற ஆள் நம்மளை இல்ல போலிருக்குன்னு கம்முனு இருக்கான். மேஸ்திரி ஜாதகத்தை மட்டும் எழுதிட்டு, சரக்கு அள்ள ஆள் இல்லன்னு பக்கத்துல ஒரு வரி எழுதி வச்சிட்டுப் போயிடறார். பேக்கப் பட்டியல்ல அது "பார்ஷியலி ஃபெயில்டு"ன்னு தெரியும். பார்த்தாத்தானே! இருபத்தாறு ராத்திரி யாரும் பார்க்கல. பார்க்க வேண்டிய ஆள் நாந்தான்.

நவம்பர் 29, புதன்கிழமை. டெஸ்ட்டுக்கு உருவாக்கின நேம்ஸ்பேஸ்களை ஒவ்வொண்ணா அழிச்சிட்டு இருந்தேன். ஒரே மாதிரி ரெண்டு பேர், கடைசி எழுத்துதான் வேற. என்டர் தட்டின அடுத்த நொடி வயித்துல பக்குன்னுச்சு. நேம்ஸ்பேஸ் போனா டிஸ்க்குக்கான சீட்டும் போகும். சீட்டு போனா, நாங்க வச்சிருந்த மாதிரி ரீக்ளெய்ம் பாலிசி டெலீட்னு இருந்தா, டிஸ்க்கும் போகும். எல்லாம் ஒரு நிமிஷத்துல.

அழிஞ்சது எங்க லேப் அக்காவோட டேட்டாபேஸ். அக்கா யாழ்ப்பாணம். புலம்பெயர்ந்து வந்த முதியவர்களோட பேச்சைப் பதிவு பண்ணி, வார்த்தை வார்த்தையா கையால எழுதி, எந்த ஒலி எங்க மாறுதுன்னு குறிச்சிட்டு இருந்தாங்க. ஒலிப்பதிவு தனி ஹார்டு டிஸ்க்ல பத்திரமா இருந்துச்சு. எழுதின எழுத்து மட்டும் எங்க சர்வர்ல.

"பேக்கப் இருக்குக்கா, பத்து நிமிஷம்"னு சொல்லிட்டு முந்தின நாள் பேக்கப்பை ரீஸ்டோர் பண்ணேன். டப்பா வந்துச்சு, டேட்டாபேஸ் எழுந்துச்சு, உள்ள ஒரு டேபிள் கூட இல்ல. அதுக்கு முந்தின நாள், காலி. அதுக்கும் முந்தின நாள், காலி. அப்பத்தான் அந்தப் பட்டியலை ஒழுங்கா பார்த்தேன். மேலிருந்து கீழ வரைக்கும் பார்ஷியலி ஃபெயில்டு. அவ்வ்வ்வ்...

உருப்படியா இருந்த கடைசி பேக்கப் நவம்பர் 3 விடியற்காலை 2 மணிக்கு எடுத்தது. வெலேரோல நாம ஒண்ணும் சொல்லலைன்னா ஒரு பேக்கப்போட ஆயுசு 720 மணி நேரம், அதாவது 30 நாள். அப்புறம் அதுவே துடைச்சிடும். கணக்குப் பார்த்தேன். டிசம்பர் 3 விடியற்காலை அதுவும் போயிருக்கும். நாலு நாள் கூட முழுசா பாக்கி இல்ல. அடுத்த வாரம் இதே தப்பைப் பண்ணியிருந்தா அக்காவோட மொத்த ஆராய்ச்சியும் காலி.

உடனே செஞ்சது மூணு. சேமிப்பு இடத்தை ரீட்-ஒன்லி ஆக்கினேன், அப்படி இருந்தா வெலேரோ காலாவதியானதைத் துடைக்காது. மொத்தத்தையும் வேற இடத்துக்குக் காப்பி பண்ணேன். அப்புறம் நோட்-ஏஜென்ட்டை முறையா வச்சு, நவம்பர் 3 பேக்கப்பை வேற ஒரு நேம்ஸ்பேஸ்ல இறக்கிப் பார்த்தேன். ரெஸ்டிக்கால எடுத்த பழைய சரக்கைப் புது வெர்ஷன் பிரிச்சுக் குடுத்துச்சு. டேபிள் எல்லாம் வந்துச்சு.

அக்கா ரூம் வாசல்ல போய் நின்னேன். திரும்பிக் கூடப் பார்க்காம கேட்டாங்க:

"மூண்டாம் திகதி வரைக்கும் இருக்குதோ?"

"இருக்குக்கா."

"அப்ப மிச்சத்தை நான் திரும்ப எழுதிறன். நீர் முதல்ல போய்ச் சாப்பிடும் தம்பி."

திட்டியிருந்தா கூட தாங்கியிருப்பேன். இருபத்தாறு நாள் வேலை. கிறிஸ்துமஸ் லீவுக்கு அம்மாவைப் பார்க்கப் போக டிக்கெட் போட்டிருந்தாங்க. கேன்சல் பண்ணிட்டு உட்கார்ந்து எழுதினாங்க. நானும் கூட உட்கார்ந்து நேரத்தைக் குறிச்சுக் குடுத்தேன். என்னால முடிஞ்சது அவ்வளவுதான்.

அந்த வாரம் தூக்கம் வராம, மத்தவங்க வாங்கின பல்பையெல்லாம் தேடிப் படிச்சேன். 2017 ஜனவரி 31-ல கிட்லேப்ல நடந்தது பிரசித்தம். அவங்களே ஒளிவுமறைவு இல்லாம எழுதியிருக்காங்க. ஒரு இன்ஜினியர் சர்வர் மாறி டேட்டாபேஸை அழிச்சிட்டார். பேக்கப்பைத் தேடினா, போஸ்ட்கிரெஸ் 9.6-க்கு 9.2-ஓட டம்ப் கருவி ஓடி, தினமும் ஃபெயில் ஆகியிருக்கு. ஃபெயில் ஆச்சுன்னு போன மெயிலும் போய்ச் சேரல, வழியிலேயே நிராகரிச்சிருக்கு. வேற ஒரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்னாடி கையால எடுத்த ஒரு நகல்தான் காப்பாத்துச்சு. அங்கேயும் வெர்ஷன் மாறினதுதான் வினை, அங்கேயும் சத்தமில்லாமதான் ஃபெயில் ஆகியிருக்கு. எனக்கு ஆறுதலா இல்ல, பயமாத்தான் இருந்துச்சு.

அப்புறம் 1.11, 1.12-ன்னு ஒவ்வொரு படியா ஏறினேன். 1.12-ல கோப்பியாதான் இயல்பா வரும். அது தனிக் கிடங்கு, பழைய ரெஸ்டிக் சரக்கைத் தொடாது, முதல் தடவை எல்லாத்தையும் புதுசா அள்ளும். அதனால கொஞ்ச நாளைக்கு ரெண்டு கிடங்குக்கும் இடம் வேணும். இப்ப நான் விடாம கடைப்பிடிக்கிறது இதுதான்:

1. அப்கிரேடு பக்கத்தைக் கடைசி வரி வரைக்கும் படிக்கணும். படி தாண்டிக் குதிக்கக் கூடாது.

2. தொடறதுக்கு முன்னாடி கிடங்கையே வேற இடத்துக்குக் காப்பி.

3. முடிச்சதும் ரெண்டு ரீஸ்டோர். பழசுல எடுத்த பேக்கப்பைப் புதுசுல இறக்கணும், புதுசுல எடுத்ததையும் இறக்கணும். இறக்கி உள்ள எத்தனை வரி இருக்குன்னு எண்ணணும். ரன்னிங்கைப் பார்த்து ஏமாறக் கூடாது.

4. ஃபெயில் ஆனா ரெண்டு பேருக்கு மெசேஜ் வரணும். ரெண்டாவது ஆள் யாருன்னு கேக்கறீங்களா? அக்காதான். அவங்களே கேட்டு வாங்கிக்கிட்டாங்க :-)

பொட்டி தட்டாத மக்களுக்கு: ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபர்ல மூடினப்ப எத்தனை பேர் எழுதினது காத்தோட போச்சுன்னு நினைச்சுப் பாருங்க. உங்க பதிவையெல்லாம் எக்ஸ்போர்ட் பண்ணி வச்சிருக்கேன்னு சொல்லுவீங்க. நல்லது. அந்த ஃபைலை ஒரு தடவையாவது ஒரு டெஸ்ட் வலைப்பூவுல ஏத்திப் பார்த்தீங்களா? ஏத்திப் பார்த்துட்டு வந்து பின்னூட்டம் போடுங்க, நான் வெயிட் பண்றேன்.

அக்கா போன மாசம் ஆய்வேட்டைக் குடுத்துட்டாங்க. நன்றிப் பக்கத்துல என் பேரும் இருக்கு. படிக்கறப்ப கொஞ்சம் கூச்சமாத்தான் இருந்துச்சு.

அடுத்த ஆணியில சந்திப்போம்.