அறிவிக்கப்படாத ஆணை: இணைய முடக்கம், தளத் தடை, கண்காணிப்பு குறித்த நிலைப்பாடு

அரசு ஓரிடத்தில் இணையத்தை முடக்குவதும், ஒரு வலைத்தளத்தைத் தடைசெய்வதும், ஒருவரது தொடர்புகளை ஒட்டுக்கேட்பதும் எந்நிலையிலும் கூடாதவை என்று இவ்வமைப்பு கருதவில்லை. ஆனால், யாருடைய வாயைக் கட்டுகிறதோ அவருக்குக் காரணம் தெரிவிக்காமலும், அவர் எதிர்த்து வழக்காட வழிவிடாமலும் பிறப்பிக்கப்படும் ஆணை, அதன் நோக்கம் எதுவாயினும், மக்களாட்சிக்கு உரியதன்று என்பதே தூத்துக்குடி மாவட்டத்தின் பசுவந்தனை வட்டாரக் கரிசல் ஊர்களைச் சேர்ந்தோர் கூடியுள்ள இவ்வமைப்பின் உறுதியான நிலைப்பாடு.

இந்நிலைப்பாட்டின் வேர் 2018 மே மாதத்தில் இருக்கிறது. ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாளான மே 22 அன்று தூத்துக்குடியில் காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியது. அந்த நிகழ்வுகளில் 13 பேர் உயிரிழந்தனர். மறுநாள், சமூக ஊடகங்கள் வழியே வதந்திகளும் தூண்டுதல்களும் பரவுகின்றன என்ற காரணத்தைக் காட்டி, தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி ஆகிய மூன்று மாவட்டங்களிலும் 27ஆம் தேதி வரை இணையச் சேவையை நிறுத்தும் ஆணையை மாநில உள்துறை பிறப்பித்தது. ஆலையிலிருந்து வெகுதொலைவில், பருத்தியும் உளுந்தும் மக்காச்சோளமும் விளையும் மானாவாரி ஊர்களும் கடற்கரை நகரத்தோடு சேர்த்தே இருட்டடிக்கப்பட்டன. வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குச் சென்ற பிறகே மற்ற இரு மாவட்டங்களில் சேவை முன்னதாகத் திரும்பியது. பொறியியல் கலந்தாய்வு முதன்முறையாக இணையவழிக்கு மாறி, விண்ணப்பப் பதிவு நடந்துகொண்டிருந்த மாதம் அது; பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவுகளும் அதே மே 23 அன்றுதான் வெளியாகியிருந்தன.

அந்த ஆணைக்கு அடிப்படையாக இருந்தவை 1885ஆம் ஆண்டு இந்தியத் தந்திச் சட்டத்தின்கீழ் 2017 ஆகஸ்டில் வகுக்கப்பட்ட தொலைத்தொடர்புச் சேவை தற்காலிக நிறுத்த விதிகள். உள்துறைச் செயலாளர் காரணங்களைக் குறிப்பிட்டு ஆணையிட வேண்டும், மறுஆய்வுக் குழு ஐந்து வேலைநாட்களுக்குள் கூடி அது சட்டத்துக்கு இசைந்ததா என்று பதிவுசெய்ய வேண்டும் என்பவை அவ்விதிகள் வைத்த காப்புகள். தலைமைச் செயலாளரும் வேறு இரு செயலாளர்களுமே அக்குழுவினர். அரசுக்கு வெளியே இருந்து ஒருவருக்கும் அதில் இடமில்லை. ஒரு செயலாளரின் ஆணையைச் சக செயலாளர்கள் ஆராய்வது என்பது அளந்தவனையே படி சரிபார்க்கச் சொல்வது போன்றது. அதனினும் பெரிய குறை காலக்கணக்கில் உள்ளது. 2018 மே 23 ஒரு புதன்கிழமை. ஆணை முடிந்த 27 ஞாயிற்றுக்கிழமை. அடுத்த வாரத்தின் நடுவில் குழு கூடினாலும் விதி மீறப்பட்டதாகாது. அதாவது, முடக்கம் முடிந்த பின்னர் முடக்கத்தை ஆராய்வதற்கு விதியே இடமளித்திருந்தது.

வதந்தியின் கொடுமையை இவ்வமைப்பு சிறிதாக எண்ணவில்லை. அதே மே மாதத்தின் தொடக்கத்தில், பிள்ளை பிடிப்போர் நடமாடுகின்றனர் என்று வாட்ஸ்அப்பில் பரவிய பொய்யை நம்பிய கூட்டம், திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோவிலுக்கு வந்த மூதாட்டி ஒருவரை அடித்தே கொன்றது. எனினும், பொய்யைத் தடுக்கும் அதே கத்தரி மெய்யையும் வெட்டுகிறது என்பதைத் தூத்துக்குடி காட்டியது. காவலர் ஒருவர் வாகனத்தின் மேலேறிக் குறிபார்த்த காட்சி உலகுக்குத் தெரியவந்தது, படம்பிடித்தோர் அதை உடனே அனுப்ப முடிந்ததால்தான். பின்னர் துப்பாக்கிச்சூட்டை விசாரித்த நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம், ஓடிக்கொண்டிருந்தோர் மீதும் சுடப்பட்டது என்று கண்டறிந்து, காவல்துறை வரம்பு மீறியதெனத் தன் அறிக்கையில் கூறியது. அவ்வறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது 2022 அக்டோபரில். அரசின் செயலே கேள்விக்குள்ளாகும் நாட்களில், சாட்சிகள் பேசும் வழியை அதே அரசு அடைப்பதைப் பொது அமைதிக்கான நடவடிக்கை என்று மட்டும் கொள்ள இயலாது.

ஆணை பிறப்பிப்போர் அதை ஊரறியச் செய்வது புதிய கோரிக்கையன்று. கரிசல் ஊர்களில் அரசாணை தண்டோரா வழியே வந்த காலம் ஒன்றிருந்தது. சாதி இழிவோடு பிணைந்த அவ்வழக்கத்தைத் தமிழ்நாடு அரசு 2022இல் நிறுத்தச் சொன்னது முற்றிலும் சரியே. பறையடிக்க ஆளை ஏவுவதுதான் தவறே தவிர, அறிவிக்கும் கடமை தவறன்று. அருகிலுள்ள எட்டயபுரத்தில் பிறந்த பாரதியின் நூல்களை 1928இல் சென்னை மாகாண அரசு பறிமுதல் செய்தது. அன்றைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 99ஏ பிரிவு, இத்தகைய பறிமுதலுக்குக் காரணம் கூறி அரசிதழில் அறிவிக்க வேண்டும் என்றது. உயர்நீதிமன்றத்தை அணுகவும் வழி வைத்திருந்தது. தடை வெளிப்படையாக இருந்ததால்தான் காங்கிரஸ் தலைவர் சத்தியமூர்த்தி சட்டமன்றத்தில் அதைத் தாக்கிப் பேச முடிந்தது. 1987இல் அட்டைப்படக் கேலிச்சித்திரம் ஒன்றுக்காக ஆனந்த விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனுக்குத் தமிழகச் சட்டப்பேரவை மூன்று மாதச் சிறைத்தண்டனை விதித்தது. அநீதிதான், ஆனால் தண்டித்தவர் யார், எதற்காக என்பது அன்றே ஊரறிந்தது, எதிர்ப்பு எழுந்து சில நாட்களில் அவர் விடுதலையானார்.

2025 பிப்ரவரி 15 அன்று அதே விகடனின் இணையதளம், பிரதமரைச் சித்திரித்த ஒரு கேலிச்சித்திரத்துக்குப் பிறகு, பலருக்குத் திறக்காமல் போனது. எந்த ஆணையின்படி என்பது நிறுவனத்துக்கே முன்கூட்டித் தெரிவிக்கப்படவில்லை. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு, நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலான காரணங்களுக்காக இணைய உள்ளடக்கத்தைத் தடுக்க மத்திய அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதன்கீழ் 2009இல் வகுக்கப்பட்ட விதிகளில் 16ஆம் விதி, புகாரும் நடவடிக்கையும் இரகசியமாக வைக்கப்பட வேண்டும் என்கிறது. மார்ச் 6 அன்று சென்னை உயர்நீதிமன்றம் அந்தச் சித்திரத்தை நீக்கிவிட்டுத் தளத்தைத் திறக்க இடைக்கால ஆணையிட்டது. ஒரு சித்திரத்துக்காக முழுத் தளமும் ஏறத்தாழ மூன்று வாரங்கள் அடைபட்டுக் கிடந்தது. அந்நிய ஆட்சி அரசிதழில் அச்சிட்ட ஒன்றைக் குடியரசு உறையிலிட்டு மூடுவதை இவ்வமைப்பு ஏற்கவில்லை. 16ஆம் விதி நீக்கப்பட வேண்டும்.

கண்காணிப்பில் இம்மறைப்பு இன்னும் ஆழமானது. அதே சட்டத்தின் 69ஆம் பிரிவின்கீழ் கணினிகளிலும் கைபேசிகளிலும் உள்ள தகவலை இடைமறிக்கப் பத்து அமைப்புகளுக்கு 2018 டிசம்பரில் அதிகாரம் அளிக்கப்பட்டது. தடைசெய்யப்பட்ட தளம் திறக்காது என்பதாவது தெரியும். கண்காணிக்கப்படுபவருக்கோ எதுவும் தெரியாது, ஆகவே அவரால் வழக்கே தொடுக்க முடியாது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்புக்குப் பொருள் இருக்க வேண்டுமாயின், ஒட்டுக்கேட்கும் ஆணைக்கு நீதிபதி ஒருவரின் முன் ஒப்புதல் தேவை. விசாரணை முடிந்தபின் உரியவருக்கு அறிவிப்பும் தேவை.

முடக்கங்களைப் பொறுத்தவரை, அனுராதா பாசின் வழக்கில் 2020 ஜனவரி 10 அன்று, ஆணைகள் வெளியிடப்பட வேண்டும், காலவரையற்ற நிறுத்தம் கூடாது, நடவடிக்கை தேவைக்கு மிகாமல் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. வெளியிடும் கடமை 2024 நவம்பரில் வந்த புதிய தொலைத்தொடர்புச் சேவை நிறுத்த விதிகளிலும் இடம்பெற்றுள்ளது. இன்று நியாயவிலைக் கடையின் கைரேகைப் பதிவும், பயிர்க் காப்பீட்டு விண்ணப்பமும், நூறுநாள் வேலையின் வருகைப் படமும் இணையத்தைச் சார்ந்துவிட்ட நிலையில், ஒரு மாவட்டத்தை முழுதாக அணைப்பது 2018ஐவிடக் கடுமையான தண்டனை. ஆகவே முடக்கம் தேவைப்படும் எல்லை மாவட்டமாக அன்றி இடமாகக் குறிக்கப்பட வேண்டும். மறுஆய்வு 48 மணி நேரத்துக்குள் நடக்க வேண்டும். குழுவில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவராவது இருக்க வேண்டும். ஆணை இணையத்தில் மட்டும் வெளியிடப்பட்டால் இணையமற்ற ஊருக்கு அது எட்டாது என்பதால், கிராம நிர்வாக அலுவலகப் பலகையிலும் ஒட்டப்பட வேண்டும்.

2018 மே 23ஆம் தேதியிட்ட ஆணையின் மீது மறுஆய்வுக் குழு எந்நாளில் கூடியது, என்ன பதிவுசெய்தது என்பதையும் மாநில அரசு முழுமையாக வெளியிட வேண்டுமென இவ்வமைப்பு கோருகிறது. அந்தப் பதிவின் ஒரு படி பசுவந்தனையின் பலகைக்கும் வர வேண்டும்.