ஏழு கிலோ கடல்

பெரம்பலூரில் கடல் எங்கே இருக்கிறது என்று பஸ் ஸ்டாண்டில் விசாரித்துப் பாருங்கள். ஏற இறங்கப் பார்ப்பார்கள். கிழக்கே நூறு கிலோமீட்டருக்கு மேல் போனால்தான் அலை கண்ணில் படும். ஆனால், என் வீட்டு ஹாலில் ஒரு கடல் இருக்கிறது ஸார். டி.வி. ஸ்டாண்டுக்குப் பக்கத்தில். நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டி. 200 லிட்டர்.

கடல் செய்வது எப்படி? ரொம்ப சுலபம். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு 35 கிராம் உப்பு. ஆக, 200 லிட்டருக்கு ஏழு கிலோ. சாம்பாருக்குப் போடுகிற உப்பு என்று நினைத்துவிடாதீர்கள். கால்சியம், மக்னீசியமெல்லாம் கணக்காகச் சேர்த்து, வாளியில் அடைத்து வெளிநாட்டிலிருந்து வருகிற உப்பு. 1930-ல் ராஜாஜி உப்புக்காகத் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தே போனார். நான் உப்பு வாளியோடு திருச்சியிலிருந்து பெரம்பலூருக்கு பஸ்ஸில் வந்தேன். கண்டக்டர் வாளிக்கும் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார். அவருக்கு வரலாறு தெரியாது.

"என்ன விலைங்க?" என்று கேட்டாள் என் மனைவி.

நான் சொன்ன விலை ஒன்று. கொடுத்த விலை ஒன்று. கடலுக்கு அஸ்திவாரமே பொய்!

எல்லாவற்றுக்கும் காரணம் பல் வலி. திருச்சியில் ஒரு பல் டாக்டரிடம் போயிருந்தேன். காத்திருக்கிற இடத்தில் ஒரு கடல்மீன் தொட்டி. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீன் ஒன்று கண்ணாடிக்கு அருகில் வந்து என்னையே பார்த்தது. 2003-ல் வந்த 'ஃபைண்டிங் நீமோ' படத்தின் கதாநாயகன் சாதி. கோமாளி மீன் என்பார்கள். பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன், மனசை அங்கேயே விட்டுவிட்டு.

தொட்டி வந்தது. தண்ணீர் நிரப்பினேன். நாலாம் நாள் மூன்று நீல மீன்களை வாங்கி விட்டேன். எட்டாம் நாள் மூன்றும் மிதந்தன.

விஷயம் என்னவென்றால், மீனின் கழிவிலிருந்து அமோனியா வரும். அது மீனுக்கு விஷம். அதைத் தின்று நைட்ரைட் ஆக்க ஒரு வகை பாக்டீரியா, நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்க இன்னொரு வகை பாக்டீரியா. இந்த இரண்டு கோஷ்டியும் தொட்டியில் குடியேற நாலு வாரத்திலிருந்து ஆறு வாரம் ஆகும். அதுவரை மீன் விடாமல் சும்மா உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். கல்யாணம் நிச்சயமானதும் தாலி கட்டும் வரை பொறுமையாக இருந்த எனக்கு, மீன் விஷயத்தில் நாலு நாள் தாங்கவில்லை.

அப்புறம் ஒரு வண்ணத்துப்பூச்சி மீன். அந்த இனத்தில் பல வகைகள் பவளத்தைக் கொறித்தே வாழ்கிறவை. நான் போட்ட சாப்பாட்டை அது முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பன்னிரண்டு நாள் உண்ணாவிரதம். முடிவில் உயிர்த் தியாகம். கோடை வந்தது. வெளியில் நாற்பது டிகிரி. தொட்டித் தண்ணீர் முப்பத்து மூன்று. மூன்று மீன் அவுட். கடனை வாங்கி, தண்ணீரைக் குளிரவைக்கிற சில்லர் வாங்கினேன். அதன் பிறகு வெள்ளைப் புள்ளி நோய் வந்து இரண்டு போயின.

இதற்கு நடுவில் கரண்ட் பில். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அரசாங்கம் கொடுத்தது ஏழைபாழைகளுக்காக. என் வீட்டில் அந்த நூறையும் மீன்களே ஒரு மாதத்துக்குள் குடித்துவிடும்.

பைத்தியம் எனக்கு மட்டும் புதிதாகப் பிடித்ததில்லை. லண்டன் மிருகக்காட்சி சாலையில் 1853-ல் மீன்களுக்கென்று கண்ணாடிக் கூடம் திறந்தார்கள். மறு வருஷமே பிலிப் ஹென்றி காஸ் என்பவர் வீட்டில் கடல்தொட்டி வைப்பது எப்படி என்று புத்தகம் போட்டார். இங்கிலாந்தே வாளியைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்கு ஓடியது. பாறைக் குட்டைகளில் இருந்ததையெல்லாம் வழித்துக்கொண்டு வந்தார்கள். அந்தக் கரைகள் பாழாய்ப் போனதைப் பற்றி அவருடைய மகன் எட்மண்ட் காஸ் 1907-ல் வெளியிட்ட நூலில் வருத்தப்பட்டு எழுதியிருக்கிறார். அப்பா ஆரம்பித்து வைத்ததற்குப் பிள்ளை வருத்தம் தெரிவிப்பது இங்கிலாந்திலும் உண்டு!

சரி, என் கதைக்கு வருகிறேன்.

போன மே மாதம் ஒரு ராத்திரி. டிரான்ஸ்ஃபார்மர் டமார். தெருவே இருட்டு. எங்கள் வீட்டு இன்வெர்ட்டர் சின்னது. ஒன்று, ஃபேன் ஓடும். அல்லது தொட்டியின் பம்புகளும் சில்லரும் ஓடும். இரண்டும் சேர்ந்து ஓடாது.

நான் எதை ஓடவிட்டேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பம்பு நின்றால் தண்ணீரில் ஆக்ஸிஜன் குறையும், சூடு ஏறும், மீன் செத்துவிடும் என்று காரணம் சொன்னேன். அவள் பதில் பேசவில்லை. ஒன்றாம் வகுப்பு படிக்கிற பாப்பாவைத் தரையில் படுக்கவைத்து, பழைய பேப்பரை மடித்து விசிறிக்கொண்டே இருந்தாள். கை மாற்றி, கை மாற்றி. நாலு மணிக்குக் கரண்ட் வந்தது. அதுவரை பாப்பா வியர்வையில் புரண்டது. மீன்கள் 26 டிகிரியில் சுகமாக நீந்தின.

காலையில் காபி வந்தது. கூடவே ஒரு டைரியும் வந்தது. என் டைரிதான். 'இதர செலவு' என்று தலைப்புப் போட்டு அலமாரியில் சட்டைகளுக்கு அடியில் ஒளித்துவைத்திருந்தது.

"கூட்டிப் பார்த்தேன்" என்றாள். "ஒரு லட்சத்து ஐம்பத்து மூணாயிரம் வருது. சரியா?"

நான் இதுவரை கூட்டியதே இல்லை. கூட்டாமல் இருப்பதற்காகத்தானே ஸார் தனித்தனிப் பக்கத்தில் எழுதுகிறோம்!

சண்டை வரும் என்று தயாராக இருந்தேன். வரவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இதுல மீன் பதினொண்ணு வாங்கினதா எழுதியிருக்கு. இப்ப எத்தனை உயிரோட இருக்குது?"

இரண்டு.

ஒன்றரை லட்சம் என்னைக் குத்தவில்லை. ஒன்பது குத்தியது. ஏனென்றால் எனக்கு ஒன்று தெரியும். வீட்டில் வளர்க்கிற நன்னீர் மீன்கள் பெரும்பாலும் பண்ணையில் பிறந்தவை. கடல்மீன்கள் அப்படியில்லை. பெரும்பாலானவை கடலில் வலை போட்டுப் பிடித்தவை. என் டைரியில் செலவுக் கணக்கு இருந்தது. சாவுக் கணக்கு இல்லை.

விட்டுவிட வேண்டியதுதான் என்று அன்று காலை முடிவு செய்தேன். மத்தியானம் மாற்றினேன். ராத்திரி மறுபடி மாற்றினேன். சிரிக்காதீர்கள். எங்கள் பக்கத்து மண்வாகு அப்படி. பெரம்பலூரிலிருந்து அரியலூரை 2001-ல் தனி மாவட்டமாகப் பிரித்தார்கள். 2002-ல் சேர்த்தார்கள். 2007-ல் மறுபடி பிரித்தார்கள். அரசாங்கமே அப்படியென்றால் ஒரு கிளார்க் என்ன செய்வான்?

யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? ஆபீஸில் பக்கத்து சீட்காரர், "போட்டது போகட்டும், இப்ப விட்டா ஒன்றரை லட்சமும் வேஸ்ட். தொடர்ந்து நடத்துங்க" என்றார். சீட்டாடித் தோற்றவனுக்குச் சொல்கிற அதே யோசனை. விட்டாலும் அந்தப் பணம் வராது, விடாவிட்டாலும் வராது.

எதிர்வீட்டுப் பையன், "தரங்கம்பாடி போய்க் கடல்ல விட்டுடுங்கண்ணே, புண்ணியம்" என்றான். புண்ணியமில்லை. மிச்சமிருக்கிற இரண்டும் கோமாளி மீன்கள். குஞ்சு பொரிப்பகத்தில் பிறந்தவை. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இந்த மீனை இனப்பெருக்கம் செய்து காட்டியிருக்கிறது. என் மீன்கள் கடலையே பார்த்ததில்லை. ஒளிந்துகொள்ளக் கடல்சாமந்தி இல்லாத இடத்தில் விட்டால் ஒரு நாள் தாங்காது. தொட்டி நோயைக் கடலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஆபத்து வேறு. அமெரிக்காவில் ஃப்ளோரிடா பக்கம் 1985-ல், நம்ம பக்கத்துக் கடல்களின் சிங்கமீன் தலைகாட்டியது. யாரோ தொட்டியிலிருந்து விட்டது என்றுதான் சந்தேகிக்கிறார்கள். இன்றைக்குக் கரீபியன் கடலெங்கும் அது உள்ளூர் மீன் குஞ்சுகளைத் தின்று தீர்க்கிறது.

மூன்றாவதாக ஒரு வியாபாரி போன் போட்டார். "மீன்தானே ஸார் சாகுது? பவளம் வைங்க. உயிருள்ளது. ரகசியமா அனுப்பறேன்." பவளத்தை 2001-லேயே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். புலி இருந்த பட்டியல் ஸார் அது! ஹாலில் புலி கட்டுகிற அளவுக்கு நான் முற்றவில்லை. போனை வைத்துவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரியலூரில் இருக்கிற மாமனார் வீட்டுக்குப் போனோம். சுண்ணாம்புக்கல் குவாரியில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து ரிட்டயரானவர். மகள் எல்லாவற்றையும் ஏற்கெனவே சொல்லியிருக்க வேண்டும். மனிதர் எதுவும் கேட்கவில்லை. சாப்பாட்டுக்குப் பிறகு ஜன்னல் மேடையிலிருந்து ஒரு கல்லை எடுத்துக் கையில் கொடுத்தார். கல்லுக்குள் கல்லாய் ஒரு சிப்பி.

"கல்லங்குறிச்சிப் பக்கம் இதுதான் மாப்ள பூரா. சிப்பி செத்துச் செத்துக் குவிஞ்சு கல்லாயிருக்கு. அதை வெட்டித்தான் சிமெண்ட். உங்க வீட்டுச் சுவத்துல இருக்கறதும் கடல்தான். நீங்க என்னமோ காசு குடுத்து ஹால்ல தனியா ஒண்ணு வச்சிருக்கீங்க."

சாயங்காலம் எங்களோடு கிளம்பினார். கொஞ்சம் சுற்றுவழி போய்க் காரையில் இறங்கினோம். மரம் மட்டையில்லாமல் மழை அரித்த களிமண் மேடு. சுமார் பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னால் அது கடலடி. நத்தை மாதிரி சுருண்ட அம்மோனைட் கற்கள் அங்கே கிடைத்திருக்கின்றன. நேபாளத்திலிருந்து வருகிற சாளக்கிராமமும் அதே சாதிதான். அங்கிருந்து அதிக தூரமில்லாத சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்துக்குக் கல்லாய்ப் படுத்திருக்கிற மரம், அந்தக் கடலில் அடித்து வரப்பட்டுப் புதைந்தது. 1940-ல் எம்.எஸ். கிருஷ்ணன் என்கிற புவியியல் அறிஞர் அதை அடையாளம் கண்டார்.

பாப்பா ஒரு சிப்பித் துண்டைப் பொறுக்கியது. "எடுத்த எடத்துலயே வச்சிடு கண்ணு" என்றார் தாத்தா. அப்புறம் மேட்டைப் பார்த்தபடி சொன்னார்:

"கடல் பாட்டுக்கு எந்திரிச்சுப் போயிடுச்சு மாப்ள. அதுல இருந்ததுங்களால போக முடியல. அப்படியே கெடக்குதுங்க பாருங்க."

மாமா தத்துவம் பேசுகிறவர் இல்லை. சொல்லிவிட்டு, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு பஸ் வருகிறதா என்று பார்க்கப் போய்விட்டார். எனக்குத்தான் நெஞ்சில் ஏதோ தட்டியது. விடுவதா, வேண்டாமா என்று இத்தனை நாள் என் ஆசையைப் பற்றி மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தேன். ஆசையை நான் எந்த நிமிஷமும் விட்டுவிட்டு எழுந்து போகலாம். உள்ளே இருக்கிற இரண்டும் எங்கே போகும்?

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். இனிமேல் ஒரு மீன்கூட வாங்குவதில்லை. பவளத்துக்காகவே வாங்கிவைத்த விளக்கை விற்றுவிடுவது. கோமாளி மீனுக்கு அது தேவையில்லை. சில்லர் கோடைக்கு மட்டும், அதுவும் 28 டிகிரியில். இருக்கிற இரண்டை மட்டும் ஆயுசு வரை பார்த்துக்கொள்வது.

"எவ்வளவு நாள் இருக்கும்?"

"நல்லா பார்த்துக்கிட்டா பத்து வருஷத்துக்கு மேல."

கணக்குப் போட்டாள். "பாப்பா ப்ளஸ் டூ முடிக்கிற வரைக்கும்." கொஞ்சம் யோசித்து, "பெரிசு ஆணா, சின்னது ஆணா?" என்றாள்.

"பெரிசுதான் பொம்பளை. அது சொல்றதைத்தான் சின்னது கேட்கும். பெரிசு செத்துட்டா சின்னது பொம்பளையா மாறிடும்."

"நல்ல ஏற்பாடு" என்றாள்.

விளக்கு விற்ற பணத்தைப் போஸ்ட் ஆபீஸில் பாப்பா பேரில் போட்டோம். அதிலேயே 350 ரூபாய் எடுத்து பேட்டரியில் ஓடுகிற சின்னக் காற்றுப் பம்பு ஒன்று வாங்கினேன். கரண்ட் போனாலும் ராத்திரி முழுக்கக் குமிழி விடும். மீன் சாகாது. இன்வெர்ட்டரை ஃபேனுக்கே விட்டுவிடலாம்.

"இதை முன்னாடியே வாங்கியிருக்கலாமில்ல?"

இருக்கலாம். ஆனால், அது விலை குறைவாயிற்றே. 38,000 ரூபாய் சில்லரைத் தேடிய கண்ணுக்கு அது எப்படித் தெரியும்?

போன வாரம் ராத்திரி மறுபடி கரண்ட் போனது. ஃபேன் ஓடியது. பாப்பா அசையாமல் தூங்கியது. ஹாலில் குமிழிச் சத்தம். எழுந்து பார்க்கலாம் என்று நான் போர்வையை விலக்குவதற்குள், டார்ச் வெளிச்சம் ஹாலிலிருந்து திரும்பி வந்தது.

"படுங்க" என்றாள். "ரெண்டும் இருக்குது."