தாமதம் யாருடையது?

ஆலிஸ் நீலுக்கு ‘அங்கீகாரம் தாமதமாக வந்தது’ என்கிறார்கள். அதென்ன ரயிலா, தாமதமாக வர? 1974இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் அவருடைய ஓவியங்களுக்குத் தனிக் கண்காட்சி வைத்தபோது அவருக்கு வயது 74. அதுவரை அவர் சும்மா இருக்கவில்லை. ஸ்பானிஷ் ஹார்லெமில் அக்கம்பக்கத்து மனிதர்களை வரைந்துகொண்டிருந்தார். அரூப ஓவியமே ஓவியம் என்று ஆண்கள் தீர்ப்பெழுதிய காலத்திலும் முகங்களை விடவில்லை. பார்க்க மறுத்தவர்களின் குற்றத்துக்குப் பெயர் தாமதம்!

1934இல் உடன் வாழ்ந்தவன் அவருடைய 300க்கும் மேற்பட்ட படைப்புகளைக் கிழித்தான், எரித்தான். ‘பொறாமை’ என்று அரை வரியில் முடித்துவிடுகிறார்கள். ஒருத்தியின் உழைப்பைக் கொளுத்துவதை வன்முறை என்று எழுத ஏன் கை கூசுகிறது? அவர் நல்ல தாயா என்று விசாரிக்கும்போது மட்டும் அதே கை தாராளமாக எழுதுகிறது. ஒரு மகள் தொண்டை அடைப்பான் நோயில் இறந்தாள். இன்னொருத்தியை ஹவானாவுக்குக் கொண்டுபோனவர் கணவர் கார்லோஸ். அவர் நல்ல தகப்பனா என்று யாரும் கேட்பதில்லை.

1980இல் நீல் தன்னையே நிர்வாணமாக வரைந்து முடித்தார்: கோடுபோட்ட நீல நாற்காலி, சரிந்த முலைகள், கையில் தூரிகை. ‘துணிச்சலான பாட்டி’ என்று கொஞ்சுகிறார்கள். கர்ப்பிணிகளை அவர் ஆடையின்றி வரைந்தபோது எங்கே போயிருந்தது இந்தக் கொஞ்சல்?