செயற்கைக்கோள்கள் ஏன் கீழே விழுவதில்லை? ஸ்ரீஹரிகோட்டாவின் இரு தோல்விகள் தரும் விடை

ராக்கெட் ஏவுதல் குறித்த செய்திகளில் வாசகர்களின் கவனத்தை முதலில் ஈர்ப்பது உயரம். 400 கி.மீ., 36,000 கி.மீ. என்ற எண்களைக் காணும்போது, அவ்வளவு மேலே சென்றுவிட்டால் புவியீர்ப்பு விசையின் பிடியிலிருந்து விடுபட்டுவிடலாம் என்ற எண்ணம் இயல்பாகவே எழுகிறது. ஆனால், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2022, 2025 ஆகிய ஆண்டுகளில் மேற்கொள்ளப்பட்ட இரு ஏவுதல்கள் இந்த எண்ணத்தைப் பொய்யாக்கின. அவற்றில் சென்ற விண்கலங்கள் உரிய உயரத்தை எட்டின. ஆயினும் அங்கே நிலைத்திருக்கத் தேவையான வேகம் அவற்றுக்குக் கிட்டவில்லை.

2022 ஏப்ரல் 4-ஆம் தேதி சித்தூர், நெல்லூர் மாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்துத் திருப்பதி மாவட்டம் உருவாக்கப்பட்டது. அதுவரை நெல்லூர் மாவட்டத்தில் இருந்த ஸ்ரீஹரிகோட்டா, புதிய மாவட்டத்தின்கீழ் வந்தது. அடுத்த நான்கு மாதங்களில் அங்கு நிகழ்ந்ததே முதல் தோல்வி.

விழுந்துகொண்டே இருக்கும் நிலையம்

சர்வதேச விண்வெளி நிலையம் பூமியிலிருந்து சுமார் 400 கி.மீ. உயரத்தில் சுற்றிவருகிறது. அந்த உயரத்தில் புவியீர்ப்பு விசை மறைந்துவிடுவதில்லை. தரையில் உள்ளதில் ஏறத்தாழ 89 சதவீதம் அங்கும் இருக்கிறது. 2025 ஜூன் மாதம் அங்கு சென்ற இந்திய வீரர் சுபான்ஷு சுக்லா மிதந்ததற்குக் காரணம், அவரும் நிலையமும் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்ததுதான்.

இதை ஓர் எளிய கற்பனையால் விளங்கிக்கொள்ளலாம். திருமலையின் உச்சியிலிருந்து ஒரு கல்லைக் கிடைமட்டமாக எறிந்தால், அது வளைந்து சென்று தரையில் விழும். வேகத்தைக் கூட்டக் கூட்ட, விழும் இடம் தள்ளிப்போகும். எந்தப் பொருளும் விழத் தொடங்கிய முதல் நொடியில் சுமார் 4.9 மீட்டர் கீழே இறங்குகிறது. பூமி உருண்டையாக இருப்பதால், ஏறத்தாழ 8 கி.மீ. தொலைவுக்கு அதன் பரப்பும் அதே அளவு தாழ்ந்துவிடுகிறது. ஆகவே, காற்றுத் தடை இல்லாத நிலையில் நொடிக்கு 8 கி.மீ. வேகத்தில் எறியப்படும் கல், விழுந்துகொண்டே இருந்தாலும் தரையைத் தொடாது. நியூட்டன் 17-ஆம் நூற்றாண்டிலேயே பீரங்கிக் குண்டை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதை விளக்கினார்.

விண்வெளி நிலையத்தின் வேகம் நொடிக்குச் சுமார் 7.7 கி.மீ. அதனால்தான் அது 92 நிமிடங்களில் பூமியை ஒருமுறை சுற்றிவிடுகிறது. ராக்கெட் எரிபொருளின் பெரும்பகுதி இந்தப் பக்கவாட்டு வேகத்தைப் பெறுவதற்கே செலவாகிறது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து வங்கக் கடலின் மேலாகக் கிழக்கு நோக்கி ஏவும்போது, பூமியின் சுழற்சியும் நொடிக்குச் சுமார் 450 மீட்டர் வேகத்தைக் கூடுதலாகத் தருகிறது.

ஒரு சதவீதக் குறைவு

2022 ஆகஸ்ட் 7-ஆம் தேதி இஸ்ரோவின் சிறிய ரக ராக்கெட்டான எஸ்எஸ்எல்வி முதன்முறையாக ஏவப்பட்டது. இஓஎஸ்-02 செயற்கைக்கோளுடன், அரசுப் பள்ளி மாணவிகள் 750 பேரின் பங்களிப்பில் உருவான ஆசாதிசாட் செயற்கைக்கோளும் அதில் இருந்தது. 356 கி.மீ. உயரத்தில் வட்டப் பாதையில் அவற்றை நிறுத்துவதே திட்டம். ஆனால், ஒரு முனையில் 356 கி.மீ., மறுமுனையில் வெறும் 76 கி.மீ. என்ற நீள்வட்டப் பாதையிலேயே அவை விடப்பட்டன.

உயரம் சரியாக இருந்தும் வேகம் போதவில்லை. இவ்விரு பாதைகளையும் கணக்கிட்டுப் பார்த்தால், குறைந்த வேகம் ஏறத்தாழ ஒரு சதவீதம் மட்டுமே. ஆனால், 76 கி.மீ. உயரத்தில் உள்ள காற்றின் அடர்த்தியே ஒரு செயற்கைக்கோளின் வேகத்தைப் பறித்து வீழ்த்தப் போதுமானது. அவை இனிப் பயன்படாது என இஸ்ரோ அன்றே அறிவித்தது. குறை களையப்பட்ட பின்னர், 2023 பிப்ரவரி 10-ஆம் தேதி இதே ரக ராக்கெட் ஆசாதிசாட்-2 உள்ளிட்ட மூன்று செயற்கைக்கோள்களை 450 கி.மீ. உயரத்தில் வெற்றிகரமாக நிலைநிறுத்தியது.

இரண்டாவது நிகழ்வு, 2025 ஜனவரி 29-ஆம் தேதி நடைபெற்ற ஸ்ரீஹரிகோட்டாவின் 100-ஆவது ஏவுதல். நாவிக் வழிகாட்டித் திட்டத்துக்கான என்விஎஸ்-02 செயற்கைக்கோளை ஜிஎஸ்எல்வி ராக்கெட் சரியாகவே கொண்டுசேர்த்தது. அது விடப்பட்ட இடைநிலைப் பாதையின் தாழ்முனை சுமார் 170 கி.மீ.; உயர்முனை 36,000 கி.மீ.க்கும் மேல். மேல்நோக்கி எறிந்த பந்து உச்சியில் வேகம் இழப்பதுபோல, உயர்முனையில் செயற்கைக்கோளின் வேகம் நொடிக்குச் சுமார் 1.6 கி.மீ.யாகக் குறைந்துவிடும். அங்கேயே வட்டப் பாதையில் நிலைக்க 3.1 கி.மீ. வேகம் வேண்டும். அந்த வேறுபாட்டைச் செயற்கைக்கோளின் சொந்த எஞ்சினே ஈடுகட்ட வேண்டும். ஆனால், எரிபொருளை எரிக்க உதவும் ஆக்சிகரணியை அனுப்பும் வால்வுகள் திறக்கவில்லை என இஸ்ரோ தெரிவித்தது. ஒவ்வொரு சுற்றிலும் உரிய உயரத்தை எட்டியும், ஒவ்வொரு முறையும் புவியீர்ப்பு விசை அதைக் கீழே இழுத்துவந்தது.

காற்றும் கணக்கில் உண்டு

பாதையில் நிலைபெற்ற பின்னரும் கவலை தீர்ந்துவிடுவதில்லை. 400 கி.மீ. உயரத்திலும் மிக மெல்லிய காற்று இருக்கிறது. அது விண்வெளி நிலையத்தின் வேகத்தைச் சிறிது சிறிதாகக் குறைப்பதால், எஞ்சின்களை அவ்வப்போது இயக்கி அதை மேலே உயர்த்துகின்றனர். சூரியப் புயல் வீசும்போது மேல் வளிமண்டலம் விரிவடைந்து இந்தத் தடை கூடுகிறது. 2022 பிப்ரவரியில் ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் சுமார் 40 இவ்வாறே இழக்கப்பட்டன.

இத்தகைய மாற்றங்களைப் புரிந்துகொள்ள வளிமண்டல ஆய்வு இன்றியமையாதது. பிரிக்கப்படாத சித்தூர் மாவட்டத்தில் இருந்த, திருப்பதிக்கு அருகிலுள்ள காதங்கியில் விண்வெளித் துறையின் தேசிய வளிமண்டல ஆய்வகம் இயங்குகிறது. வளிமண்டலத்தின் கீழ் அடுக்கு முதல் அயனி மண்டலம் வரை அங்குள்ள பெரிய ரேடார் ஆராய்ந்துவருகிறது.

இந்தியா 2035-ஆம் ஆண்டுக்குள் சொந்த விண்வெளி நிலையத்தை அமைக்கத் திட்டமிட்டுள்ளது. அதில் மனிதர்கள் தங்குவார்கள். ஆளில்லாச் செயற்கைக்கோளில் ஒரு சதவீத வேகக் குறைவு பொருள் இழப்போடு முடிந்தது. ஒரு வால்வு திறக்காதது ஒரு திட்டத்தைத் தாமதப்படுத்தியது. மனிதர்கள் செல்லும்போது அவற்றின் விலை வேறாக இருக்கும். எனவே, இனி ஏவுதல் செய்திகளைப் படிக்கும்போது எட்டிய உயரத்தோடு, பாதையின் தாழ்முனை எவ்வளவு என்பதையும் கேட்பது பொருத்தமாகும். செயற்கைக்கோளின் ஆயுளைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்த எண்ணே.