பக்கவாதம்: ‘பலனில்லை’ என்ற முடிவுகள் சொல்வது என்ன?

இந்தியாவின் 14 மருத்துவமனைகளில், பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட 1,250 பேரைக் கொண்டு நடந்த ‘அட்டெண்ட்’ ஆய்வின் முடிவு 2017இல் ‘லான்செட்’ இதழில் வெளியானது. ஒரு பிரிவினரின் குடும்பத்தாருக்கு, நோயாளியின் கை கால்களை இயங்கவைக்கும் பயிற்சிகள் முறையாகக் கற்றுத்தரப்பட்டன. மற்றொரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். ஆறு மாதம் கழித்துக் கணக்கெடுத்தபோது, முதல் பிரிவில் 47% பேர் இறந்திருந்தார்கள் அல்லது அன்றாடக் காரியங்களுக்கு அடுத்தவர் கையை எதிர்பார்த்திருந்தார்கள். இரண்டாவது பிரிவிலும் அதே 47%.

குடும்பத்துக்குப் பயிற்சி கொடுத்ததால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை. தோற்றுப்போன ஆய்வு என்று இதைக் கடந்துபோவது எளிது. ஆனால், பக்கவாதம் குறித்து நம் நாட்டில் நடந்த ஆய்வுகளில் மிகவும் பயனுள்ளவை எவை என்று கேட்டால், இதையும், இதைப் போலவே ‘பலனில்லை’ என்று முடிந்த வேறு இரண்டையும்தான் முதலில் சொல்வேன். எந்தக் குறுக்குவழியை நம்பி இறங்கக் கூடாது என்று வீட்டாருக்கும் அரசுக்கும் அவை தெளிவாகக் காட்டியிருக்கின்றன.

‘அட்டெண்ட்’ ஆய்வுக்குப் பின்னால் இருந்த யோசனை நல்லெண்ணத்தில் பிறந்தது. பணக்கார நாடுகளில் பக்கவாத நோயாளி, உயிராபத்து நீங்கிய பிறகும் வாரக்கணக்கில் மறுவாழ்வுப் பிரிவில் தங்குவார். இயன்முறை மருத்துவர், பேச்சுப் பயிற்சியாளர், சட்டை போடுவது முதல் சமைப்பதுவரை அன்றாட வேலைகளைத் திரும்பக் கற்றுத்தரும் சிகிச்சையாளர் என ஒரு குழுவே அவரைச் சுற்றி இயங்கும். நம்மூரில் சில நாட்களில் ‘டிஸ்சார்ஜ்’ செய்துவிடுவார்கள். அதன் பிறகு நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பது, குளிப்பாட்டுவது, கஞ்சி ஊட்டுவது, சுவரைப் பிடித்து நடக்கவைப்பது எல்லாமே வீட்டார் பொறுப்பு. வீட்டார் என்றால் பெரும்பாலும் மனைவி, மகள், மருமகள். எப்படியும் இவர்கள்தான் செய்யப்போகிறார்கள். சரியாகச் செய்யக் கற்றுக்கொடுத்தால் நிபுணர் பற்றாக்குறையைக் கொஞ்சமாவது ஈடுகட்டலாமே என்பதுதான் அந்த யோசனை.

அதற்கு முன்னுதாரணமும் இருந்தது. லண்டனில் லலித் கால்ரா குழுவினர் 300 நோயாளிகளிடம் நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வில், பராமரிப்பவருக்குப் பயிற்சி கொடுத்தபோது சிகிச்சைச் செலவும் குறைந்தது, பராமரிப்பவரின் சுமையும் குறைந்தது. அதே முறையைப் பிரிட்டனின் 36 மறுவாழ்வுப் பிரிவுகளுக்கு விரித்துப் பார்த்த ஆய்வு 2013இல் வந்தபோது அந்தப் பலனைக் காணோம். நிபுணர்களே அரிதாக இருக்கும் இந்தியாவில் விடை வேறாக இருக்கலாம் அல்லவா? அதைச் சோதித்துப் பார்க்கும் பெரிய முயற்சியாகவே, சிட்னியின் ரிச்சர்ட் லிண்ட்லி, லூதியானா கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஜெயராஜ் பாண்டியன் உள்ளிட்டோர் நடத்திய ஆய்வு வந்தது. பயிற்சி மருத்துவமனையிலேயே தொடங்கியது. வீடு திரும்பிய பிறகும் இரண்டு மாதம்வரை தொடர்ந்தது. என்ன இலக்கை எட்ட வேண்டும் என்பதை நோயாளியும் குடும்பத்தாரும் கூடியே வகுத்தார்கள். அரைமனதோடு செய்த வேலையாக இருந்திருந்தால் அதன் முடிவை ஒதுக்கிவிடலாம். இவ்வளவு கவனமாகச் செய்தும் வந்த முடிவு என்பதால் அதற்கு எடை அதிகம்.

குடும்பத்தின் அன்புக்கு மதிப்பில்லை என்று இந்த முடிவை வாசிக்கக் கூடாது. பயிற்சி பெறாத பிரிவிலும் மனைவியும் மகளும் இருந்தார்கள். அங்கேயும் இரவு பகல் பாராமல் பார்த்துக்கொண்டார்கள். குடும்பத்தால் தரக்கூடியதை அது ஏற்கெனவே தந்துகொண்டிருந்தது. அதற்கு மேல் வேண்டியது தொழில்முறைத் திறன். செயலிழந்த கையின் தோள்மூட்டு எளிதில் நழுவும்; தூக்கி உட்காரவைக்க அந்தக் கையைப் பிடித்து இழுத்தால் வலி மாதக்கணக்கில் தங்கிவிடும். எந்தத் தசை இறுகத் தொடங்குகிறது, எந்த வாரத்தில் எந்தப் பயிற்சியைக் கூட்டலாம், தண்ணீர் குடிக்கும்போது சத்தமில்லாமல் புரையேறுகிறதா என்பதையெல்லாம் கண்டறிய, வருடக்கணக்கான படிப்பும் நூற்றுக்கணக்கான நோயாளிகளைத் தொட்டுப் பார்த்த அனுபவமும் வேண்டும். சில அமர்வுகளில் அதை மருமகளிடம் ஒப்படைத்துவிட முடியாது. சம்பளமில்லாமல் உழைக்கும் பெண்கள் தலையில் இன்னும் கொஞ்சம் பாரத்தை ஏற்றிவிட்டு, நியமிக்கப்படாத பணியாளர்களின் இடத்தை நிரப்பிவிடலாம் என்ற எண்ணம் இந்த ஆய்வோடு முடிந்திருக்க வேண்டும்.

திறனுள்ள குழு இருந்தால் என்ன மாறும் என்பதற்கு உறுதியான விடை நம்மிடம் இருக்கிறது. பக்கவாத நோயாளிகளைப் பல வார்டுகளில் சிதறவிடாமல் ஒரே பிரிவில் சேர்த்து, அதற்கென்றே பயிற்சி பெற்ற மருத்துவர், செவிலியர், இயன்முறை மருத்துவர் கொண்ட குழு கவனித்தால் இறப்பும் குறைகிறது, ஊனமும் குறைகிறது. நார்வேயின் ட்ரான்ட்ஹைம் நகரில் 1990களின் தொடக்கத்தில் வந்த ஆய்விலிருந்து பல நாட்டு ஆய்வுகள் இதை உறுதிப்படுத்தியிருக்கின்றன. வயது, பாலினம், பாதிப்பின் கடுமை எதுவானாலும் பலன் கிடைக்கிறது. இதற்கு விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஆட்களை நியமிக்க வேண்டும், அவர்களை வேறு வார்டுக்கு மாற்றாமல் வைத்திருக்க வேண்டும்.

மூளைக்குள் ரத்தம் கசியும் வகைப் பக்கவாதத்திலும் இதே பாடம்தான். வெகுகாலம் அதற்குச் சிகிச்சை என்று சொல்லிக்கொள்ள அதிகம் இருக்கவில்லை. இந்தியா, இலங்கை உள்ளிட்ட 10 நாடுகளில் 7,000க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்து 2023இல் வெளியான ‘இன்டராக்ட்-3’ ஆய்வு அந்த நிலையை மாற்றியது. சிகிச்சை தொடங்கிய ஒரு மணி நேரத்துக்குள் மேல் ரத்த அழுத்தத்தை 140க்குக் கீழே இறக்குவது, சர்க்கரையையும் காய்ச்சலையும் கட்டுக்குள் வைப்பது, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டு வந்தவர்களுக்கு அதன் வேகத்தை உடனே முறிப்பது. இவ்வளவுதான் அதில் செய்தது. ஒன்று விடாமல், நேரம் தவறாமல் செய்ததால் மோசமான விளைவுக்கான வாய்ப்பு ஏறத்தாழ 14% குறைந்தது.

ரத்தக்கட்டி அடைத்து வரும் பக்கவாதத்துக்கு நான்கரை மணி நேரத்துக்குள் கட்டியைக் கரைக்கும் ஊசி போட வேண்டும் என்பதும், பெரிய ரத்தக்குழாய் அடைத்திருந்தால் கட்டியைக் கருவியால் வெளியே எடுக்கலாம் என்பதும் இப்போது பரவலாகத் தெரிந்தவை. வாய் கோணினால், ஒரு கை தளர்ந்தால், பேச்சு குழறினால் 108ஐ அழைக்கத் தாமதிக்கக் கூடாது என்பதில் இரண்டாவது பேச்சுக்கு இடமில்லை. ஆனால் ஊசி போட்ட பிறகும் பலருக்கு ஊனம் மிஞ்சுகிறது. நேரத்துக்கு வந்து சேராதவர்கள் அவர்களைவிட அதிகம். இவர்களுக்கெல்லாம் அடுத்த பல வருடங்களின் வாழ்க்கை மறுவாழ்வுச் சிகிச்சையில்தான் இருக்கிறது. அதைப் பற்றி நாம் பேசுவது குறைவு.

மறுவாழ்வு விஷயத்தில் உள்ளுணர்வை மட்டும் நம்ப முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சீக்கிரம் எழுப்பி நடக்கவைத்தால் சீக்கிரம் தேறிவிடுவார் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஐந்து நாடுகளில் 2,104 நோயாளிகளிடம் நடந்து 2015இல் வெளியான ‘அவெர்ட்’ ஆய்வு இதைச் சோதித்தது. முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே அடிக்கடி எழுப்பி, நீண்ட நேரம் நடமாடவைக்கப்பட்டவர்களில் 46% பேர் மூன்று மாதத்தில் நல்ல நிலையை எட்டினார்கள். வழக்கமான பராமரிப்பில் இருந்தவர்களில் அது 50%. அவசரப்பட்டது கெடுதலாகவே முடிந்தது. சோதிக்காமல் விட்டிருந்தால் உலகெங்கும் நல்லெண்ணம் கொண்ட செவிலியர்கள் நோயாளிகளுக்குத் தீங்கு செய்துகொண்டிருப்பார்கள்.

‘பலனில்லை’ என்ற இரண்டாவது இந்திய முடிவு ஸ்டெம் செல் பற்றியது. டெல்லி எய்ம்ஸின் காமேஷ்வர் பிரசாத் தலைமையில், ஐந்து மருத்துவமனைகளில் 120 பேரிடம் நடந்த ஆய்வு அது. நோயாளியின் எலும்பு மஜ்ஜையிலிருந்தே செல்களை எடுத்து ரத்தக்குழாய் வழியாகச் செலுத்தினார்கள். ஆபத்து எதுவும் நேரவில்லை. ஆறு மாத முடிவில் பலனும் இல்லை. 2014இல் ‘ஸ்ட்ரோக்’ இதழில் இது வெளியாகிவிட்டது. ரத்த நோய்கள் சிலவற்றுக்கான மஜ்ஜை மாற்று சிகிச்சையைத் தவிர, ஸ்டெம் செல்லை ஆய்வுக்கு வெளியே சிகிச்சையாகத் தரக் கூடாது என்று 2017இல் வந்த தேசிய வழிகாட்டு நெறிகளும் சொல்லிவிட்டன. அதற்குப் பிறகும் பக்கவாதத்துக்கு ஸ்டெம் செல் என்று விளம்பரம் செய்து பணம் வாங்குவது, நகையை அடகு வைத்து வரும் குடும்பத்தை ஏமாற்றுவதாகும். செயலிழந்த காலில் புறா ரத்தம் தடவச் சொல்லும் பழக்கத்தை மூடநம்பிக்கை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். வெள்ளைக் கோட்டோடு வரும் பொய்யைச் சொல்லத் தயங்குகிறோம். அது கேட்கும் தொகையோ பல மடங்கு.

மூன்றாவது முடிவு, ஒருமுறை பக்கவாதம் வந்தவருக்கு அது மறுபடியும் வராமல் தடுப்பது பற்றியது. ‘ஸ்பிரின்ட் இந்தியா’ ஆய்வில் 31 மருத்துவமனைகளின் 4,298 நோயாளிகள் சேர்க்கப்பட்டார்கள். கைபேசிக் குறுஞ்செய்திகள், சிறு காணொளிகள், ஒரு பயிற்சிப் புத்தகம் ஆகியவை 12 மொழிகளில் தயாராயின. இடைக்காலக் கணக்கீட்டில் பலன் தெரிய வாய்ப்பில்லை என்று கண்டதும், திட்டமிட்ட எண்ணிக்கையை எட்டும் முன்பே ஆய்வு நிறுத்தப்பட்டது. ஓராண்டில் இரு பிரிவிலும் ஏறத்தாழ 5% பேருக்கு மீண்டும் பக்கவாதம், மாரடைப்பு, மரணம் போன்றவை நேர்ந்தன. செய்தி பெற்றவர்கள் மாத்திரையை ஓரளவு ஒழுங்காகச் சாப்பிட்டார்கள், குடியைக் குறைத்தார்கள். ஆனாலும் முடிவு மாறவில்லை. ஓராண்டு குறுகிய காலம்தான். நரம்பியல் நிபுணர்கள் இருக்கும் மருத்துவமனைகளில் தொடர்ந்து காட்டி வந்தவர்கள் என்பதால் மறு பிரிவினரும் நன்றாகவே கவனிக்கப்பட்டிருப்பார்கள். அதைக் கணக்கில் கொண்டாலும், விழிப்புணர்வு வாசகங்களை அனுப்பிவிட்டுக் கடமை முடிந்தது என்று அரசுத் துறைகள் இருந்துவிட முடியாது என்பது என் கருத்து. மாத்திரை வாங்க ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியிருப்பவருக்கு எந்தக் குறுஞ்செய்தியும் உதவாது.

மாத்திரையின் பலனில் சந்தேகமே இல்லை. ஏற்கெனவே பக்கவாதமோ அதன் முன்னறிகுறியோ வந்த 6,105 பேரிடம் நடந்து 2001இல் வந்த ‘ப்ராக்ரஸ்’ ஆய்வில், இரண்டு ரத்த அழுத்த மருந்துகளைச் சேர்த்துக் கொடுத்தபோது அடுத்த பக்கவாதம் 43% குறைந்தது. தமிழ்நாட்டில் 2020 கணக்கெடுப்பின்படி, உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3% மட்டுமே. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோனது. அடுத்த கணக்கெடுப்பில் கட்டுப்பாடு ஏறத்தாழ 17% ஆனது. நல்ல ஏற்றம், ஆனால் ஆறில் ஐந்து பேர் இன்னும் வெளியே நிற்கிறார்கள். பக்கத்து இலங்கையில் 700 பேரிடம் நடந்த ‘ட்ரையம்ஃப்’ ஆய்வு இங்கே உதவும். மூன்று மருந்துகளைக் குறைந்த அளவில் ஒரே மாத்திரையாக்கிக் கொடுத்தபோது, ஆறு மாதத்தில் 70% பேருக்கு அழுத்தம் இலக்குக்குள் வந்தது. வழக்கமான சிகிச்சையில் 55%தான். அந்த ஒற்றை மாத்திரையை நம் அரசுக் கொள்முதல் பட்டியலில் சேர்ப்பது பற்றி வல்லுநர்கள் பேச வேண்டிய நேரம் இது.

உப்பையும் விட முடியாது. சீனாவின் 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம் ஐந்தாண்டு நடந்த ஆய்வில், சமையல் உப்பில் கால்வாசியைப் பொட்டாசியம் உப்பாக மாற்றியதாலேயே பக்கவாதம் 14% குறைந்தது. சிறுநீரக நோய் உள்ளவர்களும் சில வகை மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் இதற்கு மாறக் கூடாது. மற்றவர்களுக்கு இது பெரிய வாய்ப்பு. தமிழ்நாட்டுக்கு இந்த யோசனை புதிதும் அல்ல. 2014இல் வந்த ‘அம்மா உப்பு’ வகைகளில் சோடியம் குறைந்ததும் ஒன்று. அறிமுகத்தின்போது அயோடின் உப்பு கிலோ 10 ரூபாய், சோடியம் குறைந்தது 21 ரூபாய். ஊறுகாயும் கருவாடும் கொண்டு சோற்றை இறக்கும் வீடுகளுக்குத்தான் அது அதிகம் தேவை. அந்த வீடுகளால் இரு மடங்கு விலை கொடுக்க முடியாது. ரேஷன் கடையில் இரண்டு உப்புக்கும் ஒரே விலை வைத்துப் பார்க்கலாம்.

‘மக்களைத் தேடி மருத்துவ’த்தில் இயன்முறை மருத்துவர்களும் வீடு தேடிப் போகிறார்கள். ‘அட்டெண்ட்’ விட்ட இடத்திலிருந்து தொடர இதைவிடப் பொருத்தமான களம் இல்லை. குலுக்கல் முறையில் சில வட்டாரங்களைத் தேர்ந்தெடுத்து அங்கே கூடுதல் இயன்முறை மருத்துவர்களையும் பேச்சுப் பயிற்சியாளர்களையும் நியமிக்கலாம். மற்ற வட்டாரங்களோடு ஆறு மாதத்திலும் ஓராண்டிலும் ஒப்பிடலாம். வாரத்துக்கு எத்தனை முறை போனால் பலன் தெரிகிறது, எத்தனை மாதத்துக்குப் பிறகு குறைத்துக்கொள்ளலாம் என்ற கேள்விகளுக்கு நம் தெருக்களிலிருந்தே விடை கிடைக்கும். நோயாளி எவ்வளவு தூரம் நடந்தார் என்று அளக்கும்போது, அவரைப் பார்த்துக்கொண்ட பெண் தன் வேலைக்குத் திரும்பினாரா, படிப்பைத் தொடர்ந்தாரா, இரவில் எத்தனை மணி நேரம் தூங்குகிறார் என்பதையும் அந்த ஆய்வு கேட்டுப் பதிவுசெய்ய வேண்டும்.